சிறிய கத்தியைக் காட்டு வேலையில் சோதிப்பது எப்படி

முகாமுக்கென்று புதிதாகக் கத்தி வாங்கியவர்கள் முதலில் செய்ய ஆசைப்படுவது, அதை ஒரு கட்டையில் அடித்து இறக்கி, உடைகிறதா என்று பார்ப்பதுதான். காணொளிகள் பழக்கிய ஆசை அது. கத்தியை மரத்தில் குத்தி அதன்மேல் ஏறி நிற்பார்கள், கல்லில் அடிப்பார்கள், தகரத்தைக் கிழிப்பார்கள். பார்க்கச் சுவாரசியம்தான். ஆனால் ஒரு சிறிய கத்தி உங்களுக்கு உதவுமா என்பதற்கு அவற்றில் விடை இல்லை. ஒழுங்காகச் சூடேற்றிப் பதப்படுத்திய எஃகில் செய்த சிறிய அலகு, வழக்கமான மர வேலையில் லேசில் உடையாது. அதற்கு வெகு முன்பே உங்கள் உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பிவிடும். எனவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ஒரு மணி நேரம் தொடர்ந்து சீவினால் கை தாங்குமா? அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் கத்தி மெல்லிய சுருள் எடுக்குமா? கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் விடை தேடுபவை.

இங்கே சிறிய கத்தி என்று சொல்வது மடங்காத, உறையில் வைத்துக்கொள்ளும் கத்தியை. அலகின் நீளம் 7 முதல் 10 சென்டிமீட்டர், முதுகின் தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்கும். மடக்குக் கத்திக்கும் பாதிச் சோதனைகள் பொருந்தும். ஆனால் தட்டிப் பிளக்கும் சோதனையை மடக்குக் கத்தியில் செய்யவே கூடாது. அதன் பூட்டும் அச்சாணியும் அந்த அடியைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

வீட்டு மேசையில் பாதிச் சோதனை

மரத்தைத் தொடுவதற்கு முன் கத்தியைக் கையில் எடுத்து நிதானமாகப் பாருங்கள். முதலில் முதுகு. அதன் ஓரங்கள் 90 டிகிரியில் கூர்மையாக நிற்கின்றனவா, அல்லது உருட்டி வழவழப்பாக்கப்பட்டிருக்கின்றனவா? கூர்மையான ஓரம் இருந்தால்தான் தீப்பொறிக் கம்பியை (உரசினால் பொறி பறக்கும் உலோகக் கம்பி) உரசவும் மரப்பட்டையைச் சுரண்டவும் முடியும். முதுகில் ரம்பப் பல் வெட்டியிருந்தால் எனக்கு அந்தக் கத்தி மீது நம்பிக்கை போய்விடும். அந்தப் பற்கள் மரத்தை ஒழுங்காக அறுப்பதில்லை, கட்டைவிரலை வைத்து அழுத்தவும் விடுவதில்லை, கொட்டாப்புளியால் (தட்டுவதற்கான மரக்கட்டையால்) தட்டினால் கொட்டாப்புளியைத்தான் தின்கின்றன. உள்ளே தீக்குச்சியும் தூண்டில் நூலும் வைக்கும் குழல் பிடிக் கத்திகளும் அப்படித்தான். பிடியும் அலகும் சேரும் இடமே அவற்றில் பலவீனமான இடம். உயிர்பிழைப்புக் கத்தி (சர்வைவல் நைஃப்) என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதால் அது அப்படி ஆகிவிடாது.

அடுத்து, பிடிக்குள் எஃகு எவ்வளவு தூரம் போகிறது என்பது. பிடியின் கடைசிவரை எஃகு ஓடினால் பலம் அதிகம், எடையும் அதிகம். பாதியிலோ முக்காலிலோ நின்றுவிடும் கத்திகளை உடனே தள்ளிவிட வேண்டியதில்லை. ஸ்வீடனின் மோரா ஊரில் 1891 முதல் கத்தி செய்துவரும் மோராக்னிவ் நிறுவனத்தின் பல மாதிரிகளில் எஃகு பிடியின் முடிவுவரை போவதில்லை. அலகும் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் தடிமன்தான். ஆனாலும் காட்டு வேலை பழகுபவர்களில் பலர் தொடங்குவது அந்தக் கத்திகளில்தான். செதுக்கும் வேலைக்கு மெல்லிய அலகே சுகம்.

கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, எப்படிச் சீவப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். அலகின் பக்கங்கள் தட்டையாக வந்து, பாதிக்குக் கீழே ஒரே சரிவாக இறங்கி வாயில் முடிந்தால் அது ஸ்காண்டி வகை. இரண்டு பக்கச் சரிவும் சேர்ந்து சுமார் 20 முதல் 25 டிகிரி இருக்கும். மரத்தில் அது அழகாகக் கடிக்கும், தீட்டுவதும் எளிது, சரிவைக் கல்லில் படியவைத்தால் போதும். முதுகிலிருந்தே மெல்லப் படிப்படியாக இளைத்து, கடைசியில் ஒரு சிறிய சரிவோடு முடிந்தால் அது தட்டைச் சீவல். காய் நறுக்க அது மேல், மரத்திலும் மோசமில்லை. வெளியே புடைத்து வளைந்து இறங்கும் சீவல் பிளப்பதற்கு நல்லது, தீட்டக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். உள்நோக்கிக் குழிந்த சீவல் தோலுரிக்கவும் மழிக்கவும் ஏற்றது. மரத்தில் ஆழமாக இறங்கும்போது அதன் தோள் முட்டி நின்றுவிடும்.

எஃகின் பெயரை வைத்து அதிகம் மயங்க வேண்டாம். 1095 போன்ற கார்பன் எஃகு சீக்கிரம் தீட்ட வரும், கவனிக்காவிட்டால் சீக்கிரம் துருவும் ஏறும். 12சி27, 14சி28என் போன்றவை துருவை நன்றாகத் தாங்கும், நுண்ணிய கூர் ஏற்கும். டி2 நீண்ட நேரம் கூர் நிற்கும், ஆனால் கல்லில் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். குரோமியம் 12 சதவீதம் அளவுக்கு இருந்தும் அதை முழுமையான துருப்பிடிக்காத எஃகு என்று சொல்ல மாட்டார்கள். இந்த வகைக் கத்திகளின் கடினத்தன்மை பெரும்பாலும் ராக்வெல் சி அளவில் 56 முதல் 60 வரை இருக்கும். ஒரே எஃகை இரண்டு பட்டறைகள் இரண்டு விதமாகப் பதப்படுத்தும் என்பதால் பெயர் பாதிக் கதைதான். மீதியை மரம் சொல்லும்.

இப்போது பிடி. கையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, உறையோடு கத்தியைப் பிடித்து, குத்துவதுபோல் முன்னே அழுத்துங்கள். விரல்கள் முன்னோக்கி வழுக்குகின்றனவா? வழுக்கினால், ஈரத்தில் குத்தும் வேலைக்கு அந்தக் கத்தியை நம்பாதீர்கள். சுண்டுவிரலுக்குப் பிடியில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று விரல் மட்டுமே பிடிக்கும் குட்டிக் கத்திகள் சட்டைப்பைக்கு வசதி, அழுத்திச் செதுக்க வசதியில்லை. பிடியின் கடைசியில் ஒரு கயிற்று முடிச்சு கட்டிச் சுண்டுவிரலுக்குப் பிடிப்பு கொடுத்தால் ஓரளவு சரியாகும்.

கடைசியாக உறை. மெத்தென்ற தரைக்கு மேலே, கால்களைத் தள்ளி வைத்துக்கொண்டு, உறையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள். கத்தி விழுந்தால் அந்த உறையோடு காட்டுக்குப் போகக் கூடாது. உருவும்போது உறையின் தையல் ஓரத்தைச் சுற்றி விரல்களை வைக்கும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். வாய் தையலை அறுத்துக்கொண்டு வெளியே வந்தால் விரல்கள்தான் அதன் வழியில் இருக்கும்.

முதல் கூர்மையை அளந்து வையுங்கள்

ஒரு தாளை ஒரு கையில் தொங்கவிட்டு, கத்தியை அடிப்பக்கத்திலிருந்து முனைவரை இழுத்து அறுங்கள். எங்கே தடுக்கிக் கிழிகிறதோ அங்கே கூர் சரியில்லை. பிறகு நல்ல வெளிச்சத்தில் வாயை உங்கள் கண்ணை நோக்கிப் பிடித்து மெல்லச் சாயுங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பாது. மழுங்கிய இடமும் மடிந்த இடமும் சிறு புள்ளியாகவோ கோடாகவோ மின்னும். பஞ்சை வாயின் மேல் தடவினால் பிசிர் இருக்கும் இடத்தில் இழை மாட்டிக்கொள்ளும். பார்த்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் பின்னால் வரும் எதையும் ஒப்பிட முடியாது.

தொழிற்சாலையில் தீட்டிய கூர்மையை வைத்து எஃகைத் தீர்ப்பு சொல்லக் கூடாது. வேகமாகச் சாணை பிடிக்கும்போது வாயின் மெல்லிய ஓரம் சூடேறிப் பதம் கெட்டிருக்கலாம். பிசிர் முழுதாகப் போகாமல் இருக்கலாம். ஓரிரு முறை நீங்களே தீட்டிய பிறகு அதே கத்தி வேறு கத்திபோல் நடந்துகொள்வது சகஜம். எனவே முதல் சோதனையில் கூர் சீக்கிரம் போய்விட்டது என்றால் அவசரப்படாமல் தீட்டி இன்னொரு முறை பாருங்கள்.

இடம், மரம், கை

பொது இடத்தில் கத்தி கொண்டுபோவதற்கும் காட்டில் மரம் எடுப்பதற்கும் ஊருக்கு ஊர் சட்டம் வேறுபடும். போகும் இடத்தின் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உயிருள்ள மரத்தில் சோதனை வேண்டாம். செத்துக் காய்ந்து, தரையில் படாமல் தொங்கும் அல்லது சாய்ந்து நிற்கும் கிளைதான் உங்களுக்கு வேண்டியது. தரையில் கிடந்தது ஈரம் குடித்திருக்கும். இழை நேராக ஓடும், கணு இல்லாத மென்மரத் துண்டுகள் சில, கெட்டியான வன்மரக் கிளை ஒன்று, மணிக்கட்டுப் பருமனில் 30, 40 சென்டிமீட்டர் நீளக் கட்டை ஒன்று. கடைசியில் சொன்னது உங்கள் கொட்டாப்புளி. அடியில் வைக்க ஒரு மரத் திண்டும் வேண்டும். கல்லின் மேல் வைத்து வேலை செய்தால் ஒரே தவறில் வாய் போய்விடும்.

கத்தியைப் பிடித்துக் கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அந்த வட்டத்துக்குள் யாரும் வரக் கூடாது. உட்கார்ந்து செதுக்கும்போது முழங்கைகளை முழங்கால்களுக்கு முன்னால் கொண்டுவந்து, தொடைகளுக்கு வெளியே வெட்டுங்கள். தொடையின் உட்பக்கத்தில் பெரிய தமனி ஓடுகிறது. அங்கே விழும் வெட்டு சில நிமிடங்களில் உயிரைக் குடிக்கும். கட்டுத்துணி பையின் அடியில் இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடிப்பதே முதல் வேலை. களைத்துவிட்டால் கத்தியை உறையில் போட்டுவிட்டு எழுந்து நடங்கள். பழகியவர்களுக்கும் காயம் படுவது பெரும்பாலும் கை சோர்ந்த நேரத்தில்தான்.

சுருள் சீவுதல்

முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். ஃபெதர் ஸ்டிக் என்று எல்லோரும் சொல்லும் இந்தச் சுருள்குச்சி, ஒரு குச்சியிலிருந்து மெல்லிய சீவல்களை அறுந்துவிழாமல் நுனியில் கொத்தாக நிறுத்துவது. ஈரமான நாளிலும் உள்ளே காய்ந்த மரத்தை எடுத்துத் தீ மூட்ட உதவும். கத்தியின் கூர், சீவலின் கோணம், பிடியின் வசதி, உங்கள் கைப்பழக்கம் நான்கையும் ஒரே குச்சியில் காட்டிக்கொடுக்கும் சோதனை வேறு இல்லை.

கட்டைவிரல் பருமனில் ஒரு அடி நீளமுள்ள குச்சியை எடுத்து, கீழ் நுனியைத் திண்டில் ஊன்றுங்கள். முதலில் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை முழுதாகச் சீவித் தட்டையாக்குங்கள். அந்தத் தட்டையின் இரு ஓரங்களிலும் மேடுபோல் ஒரு விளிம்பு கிடைக்கும். சுருளை எடுக்க வேண்டியது அந்த விளிம்பிலிருந்து. மணிக்கட்டையும் முழங்கையையும் பூட்டிக்கொண்டு, தோளிலிருந்து உடம்பின் எடையால் கத்தியைக் கீழே தள்ளுங்கள். குச்சியின் கீழ் நுனிக்கு இரண்டு விரற்கடை மேலே நிறுத்துங்கள். ஒரு சுருள் எடுத்ததும் இரண்டு புதிய விளிம்புகள் உண்டாகும். குச்சியை இம்மியளவு திருப்பி அடுத்ததை எடுங்கள். சுருள் எந்தப் பக்கம் சாய வேண்டுமோ, கத்தியின் முனையை அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்த்தினால் சாயும்.

எதைக் கவனிப்பது? கத்தி மரத்துக்குள் தானாக ஆழ இறங்கப் பார்த்தால், நீங்கள் முதுகைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். மேலே வழுக்கிக்கொண்டு ஓடினால், ஒன்று சாய்வு போதவில்லை, அல்லது கூர் இல்லை. சுருள் சுருளாமல் தூளாக உடைந்தால் மரம் உளுத்தது அல்லது வாய் மழுங்கியது. வேறொரு கத்தியால் அதே குச்சியில் ஒருமுறை சீவிப் பாருங்கள், குற்றம் யாருடையது என்று உடனே தெரிந்துவிடும். நல்ல சுருள் தாளைப் போல ஒளி ஊடுருவும் மெல்லிசாக இருக்கும். ஒரு குச்சியை முடித்து, பத்திரமாகப் பையில் வையுங்கள். எல்லா வேலைகளும் முடிந்த பிறகு, தீட்டாத கத்தியால் இன்னொரு குச்சியை அதே மரத்தில் சீவி இதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறீர்கள். கூர் எவ்வளவு நிற்கிறது என்பதற்கு இதைவிட நேர்மையான அளவு எனக்குத் தெரியாது.

காடிகள்

காடி (குச்சியில் வெட்டும் பள்ளம்) வெட்டுவதற்கு ஓர் அருமையான பயிற்சி இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த காட்டுக்கலை ஆசிரியர் மோர்ஸ் கோச்சான்ஸ்கி (அவர் 2019இல் மறைந்தார்) பரவலாக்கிய பயிற்சிக் குச்சி அது. ஒரே குச்சியில் பல வகைக் காடிகளை வரிசையாக வெட்டிப் பழகுவது. புதியவர் எல்லாவற்றையும் வெட்ட வேண்டியதில்லை. கூடாரக் கயிறு மாட்டும் முளைக்காடி, பாத்திரம் தொங்கவிடும் கொக்கிக்காடி, சதுரக் காடி இந்த மூன்றும் கத்தியைப் பற்றிப் போதுமான அளவு சொல்லிவிடும்.

முளையில் தொடங்குங்கள். ஒரு நுனியைக் கூராக்குங்கள். மறுநுனியின் ஓரத்தைச் சுற்றிலும் லேசாகச் சீவிவிடுங்கள், அடிக்கும்போது பிளக்காமல் இருக்கும். மேலிருந்து மூன்று விரல் கீழே குறுக்காக ஒரு தடுப்பு வெட்டு போடுங்கள். வாயைக் குறுக்கே வைத்து முதுகைக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினாலே போதும். பிறகு கீழிருந்து அந்த வெட்டை நோக்கிச் சீவுங்கள். சீவல் தடுப்பில் வந்து நின்று உதிர வேண்டும். தடுப்பைத் தாண்டிக் கத்தி ஓடினால் விசை அதிகம். தோளால் தள்ளும் வேலை இதுவல்ல. குச்சியைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலைக் கத்தியின் முதுகில் வைத்து, அந்தக் கட்டைவிரலால் தள்ளுங்கள். விசை குறைவு, கட்டுப்பாடு முழுமை. முதுகின் கூர்மையான ஓரம் கட்டைவிரலைக் கடிக்கிறதா என்பது இங்கேதான் தெரியவரும். தீப்பொறிக்கு நல்லதாக இருந்த அதே ஓரம் இங்கே தொல்லை. முனைப் பக்கம் மட்டும் கூர்மையாக விட்டு, பிடிப் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு முதுகை மழுக்கிக்கொண்டால் இரண்டு வேலையும் நடக்கும்.

சிறிய கத்தி பெரிய கத்தியை வெல்லும் இடம் இதுதான். நீள அலகில் முனை எங்கோ இருக்கும். காடிக்குள் அதைத் திருப்புவதற்குள் பொறுமை போய்விடும். 8 சென்டிமீட்டர் அலகில் முனை உங்கள் விரல் நுனிக்குக் கீழேயே இருக்கிறது. இந்தச் சோதனையில் சிறிய கத்தி தடுமாறினால் அதற்கு வேறு சாக்கு கிடையாது. அலகு வேண்டாத தடிமனில் இருக்கிறது, அல்லது பிடி சரியில்லை.

வன்மரக் கிளையிலும் ஒரு காடியை வெட்டிவிட்டு, வாயை மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள். மடிந்திருந்தால் கோடாக மின்னும். தெறித்திருந்தால் நகத்தை மெல்ல வாயின் நீளத்துக்கு ஓட்டும்போது பள்ளத்தில் தடுக்கும். மடிவது வாய் மிக மெல்லிசு அல்லது எஃகு இளகல் என்பதன் அடையாளம். தெறிப்பது வாய் மெல்லிசு அல்லது எஃகு அளவு மீறிக் கடினம் என்பதன் அடையாளம். இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றே: தீட்டும்போது கோணத்தை ஒரு துளி அகலமாக்கிப் பார்ப்பது.

முனையால் துளையிடுதல்

வில்லால் கடைந்து நெருப்பெடுக்கும் பலகையில் முதல் குழியைக் கத்தி முனையால்தான் போடுவார்கள். பலகையைத் திண்டில் வைத்து, முனையை ஊன்றி, இடமும் வலமுமாகத் திருப்புங்கள். பலகைக்கு அடியில் கை வேண்டாம், குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு துளையிடவும் வேண்டாம். கடைகோல் சுற்றிக் குழி கருகிய பிறகு, குழியின் நடுவை நோக்கி, வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு ஆப்பு வடிவில் ஒரு காடி வெட்ட வேண்டும். கருகிய தூள் சேர்ந்து கங்காக மாறுவது அந்தக் காடியில்தான். நெருப்பு வருகிறதா என்பது வேறு கலை. கத்தியைச் சோதிக்கக் குழியும் காடியும் போதும். ஊசிபோல் மெலிந்த முனை இங்கே வளைந்துவிடலாம். அகலமாக வளைந்து இறங்கும் முனை மெதுவாகத் துளைக்கும், ஆனால் உடையாது. முனையை மரத்தில் குத்திப் பக்கவாட்டில் நெம்புவதைச் சோதனை என்று நினைக்காதீர்கள். எந்தக் கத்தியும் நெம்புகோல் அல்ல.

தட்டிப் பிளத்தல்

எல்லோரும் காத்திருக்கும் வேலை. சிறிய கத்தியால் விறகு பிளக்கலாம், ஆனால் விறகின் பருமன் அலகைவிடக் குறைந்தது 3 சென்டிமீட்டர் சிறியதாக இருக்க வேண்டும். மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனைப்பகுதியில்தானே அடிக்கப் போகிறீர்கள். 9 சென்டிமீட்டர் அலகுக்கு 5, 6 சென்டிமீட்டர் விறகு. கணு உள்ளதை ஒதுக்குங்கள்.

விறகைத் திண்டில் நிறுத்தி, மண்டியிட்டு உட்காருங்கள். வாயை விறகின் தலையில் குறுக்கே வைத்து, முதலில் முதுகின் நடுவில் தட்டி இறக்குங்கள். முதுகு உள்ளே போனதும், வெளியே நீளும் பகுதியில் தட்டுங்கள். பிடியை மட்டத்தில் வைத்திருங்கள். முனை மட்டும் கீழே போய்ப் பிடி மேலே எழுந்தால் பிடிக்கும் அலகுக்கும் இடையே எல்லா விசையும் விழும். கல்லாலோ சுத்தியலாலோ அடிக்காதீர்கள். கத்தி சிக்கிக்கொண்டால் முறுக்கி எடுக்க நினைக்காமல், பிளவில் ஒரு மரச் சிராயைச் செருகித் தட்டினால் கத்தி தானே விடுபடும்.

உண்மையில் பெரிய விறகுக்கும் சரியான வழி அதுதான். வன்மரத்தில் இரண்டு ஆப்புகளைச் சீவிக்கொள்ளுங்கள். கத்தியால் விறகின் தலையில் ஒரு பிளவைத் தொடங்கிவைத்து, கத்தியை எடுத்துவிட்டு, ஆப்பை அடியுங்கள். கத்தியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு பருமனும் பிளக்கும், அடியெல்லாம் ஆப்புக்குப் போகும். சிறிய கத்தியால் பிளக்க முடியவில்லை என்று குறை சொல்பவர்களில் பாதிப் பேர் இதை முயன்று பார்த்திருக்க மாட்டார்கள். ஆப்பைச் சீவ உங்கள் கத்திக்கு எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள், அது பொருளுள்ள சோதனை.

பிளந்து முடித்ததும் அலகும் பிடியும் சேரும் இடத்தைக் கவனியுங்கள். இடைவெளி விட்டிருக்கிறதா, ஆடுகிறதா, அசைத்தால் ஒலி வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் சோதனையை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நெருப்புப் பொறி

தீப்பொறிக் கம்பிக்கு மூலமான உலோகக் கலவையை 1903இல் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்தார். சீரியம், இரும்பு முதலியவை கலந்தது. உரசும்போது எரிவது கத்தியின் எஃகு அல்ல, கம்பியிலிருந்து உதிரும் தூள்; அதன் சூடு 3000 டிகிரி செல்சியஸை நெருங்கும். அதனால் துருப்பிடிக்காத எஃகும் இதற்குப் போதும், ஓரம் மட்டும் கூர்மையாக இருக்க வேண்டும். சக்கிமுக்கிக் கல்லில் அடித்துப் பொறி எடுப்பது வேறு விஷயம். அங்கே எரிவது எஃகுத் துணுக்கு, அதற்குக் கார்பன் எஃகு வேண்டும்.

கத்தியை அசையாமல் பிடித்துக்கொண்டு கம்பியைப் பின்னால் இழுங்கள். கத்தியை முன்னே தள்ளினால் அடுக்கி வைத்த பஞ்சும் சுருளும் சிதறிப்போகும். முதுகால் மட்டும் உரசுங்கள். வாயால் உரசி நல்ல பொறி வருகிறது என்று மகிழ்பவர்கள் அன்றைய கூர்மையைத் தொலைத்துவிட்டுத்தான் மகிழ்கிறார்கள். கறுப்புப் பூச்சுள்ள கத்திகளில் பூச்சு ஓரத்தை மழுக்கிவிடும். வைரத்தூள் பதித்த கல்லில் முதுகைச் செங்குத்தாக வைத்துச் சில முறை தேய்த்தால் ஓரம் வந்துவிடும். அதே முதுகால் காய்ந்த மரப்பட்டையின் உட்புறத்தைச் சுரண்டிப் பஞ்சுபோன்ற தூள் எடுத்துப் பாருங்கள்.

சில்லறை வேலைகள்

கயிறு வெட்டுவது, காய் நறுக்குவது இரண்டையும் விரைவாக முடித்துவிடலாம். சணல் கயிற்றைத் திண்டில் வைத்து, ஒரே அழுத்தில் அறுகிறதா, இழுத்து அறுக்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். சணல் கூர்மையை வேகமாகத் தின்னும் என்பதால் பத்து, பதினைந்து துண்டுகளே நிறைய. கேரட்டை நறுக்கினால் அலகின் தடிமன் தெரியும். 4 மில்லிமீட்டர் அலகு நறுக்குவதற்குப் பதிலாக விரிசல் விட்டுப் பிளக்கும். சமையல்தான் உங்கள் முக்கிய வேலை என்றால் அதைப் பெரிய குறையாகக் கொள்ளுங்கள், இல்லையென்றால் மறந்துவிடுங்கள்.

கணக்குப் பார்க்கும் நேரம்

இப்போது, தீட்டாமல், இரண்டாவது சுருள்குச்சியைச் சீவுங்கள். முதல் குச்சியோடு ஒப்பிடுங்கள். சுருள் கொஞ்சம் தடித்திருந்தால் இயல்பு. சுருளே வராமல் சிம்புகளாகத் தெறித்தால், ஒரு நாள் முகாமுக்குக்கூட அந்தக் கூர் போதாது. தாளையும் மறுபடி அறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பிடிக்குப் பக்கத்து வாய்தான் முதலில் மழுங்கியிருக்கும், செதுக்கும் வேலையில் விசை அதிகம் விழுவது அங்கேதான்.

அப்புறம் உள்ளங்கையைப் பாருங்கள். சிவந்த இடங்களைப் பிடியின் மேல் வைத்துப் பார்த்தால் எந்த மேடு கடித்தது என்று தெரியும். மரப்பிடி என்றால் அந்த மேட்டை உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம். பிடிக்குப் பதில் வெறும் எஃகு மட்டும் இருக்கும் கத்திகளுக்குக் கயிறு சுற்றலாம், ஆனால் அது ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கும். பிடி ஒத்துவரவில்லை என்றால் எஃகு எவ்வளவு உயர்ந்தது என்றாலும் நான் அந்தக் கத்தியை வைத்துக்கொள்ள மாட்டேன். கூரைத் தீட்டிக்கொள்ளலாம், உள்ளங்கையை மாற்றிக்கொள்ள முடியாது.

தீட்டுவதும் சோதனையின் பகுதியே. சொரசொரப்பான 400 எண் கல்லில் தொடங்குவது தெறிப்பு இருந்தால் மட்டும். இல்லையென்றால் அதைவிட நுண்ணிய 1000 எண் கல் போதும். ஸ்காண்டி அலகில் சரிவு முழுதும் கல்லில் படிய வேண்டும். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கம் மெல்லிய பிசிர் எழும். வாயின் முழு நீளத்துக்கும் அது எழுந்த பிறகே பக்கம் மாற்றுங்கள். கடைசியில் தோல்வாரில், வாய் பின்னால் வரும்படி இழுத்துப் பிசிரை எடுங்கள். கால் மணி நேரத்தில் தாள் அறுக்கும் கூர் திரும்பவில்லை என்றால், அந்த எஃகு காட்டில் பராமரிக்க உங்களுக்கு ஏற்றதா என்று யோசிக்க வேண்டும்.

கார்பன் எஃகு என்றால் இன்னும் ஒரே ஒரு வேலை. எலுமிச்சையோ வேறு புளிப்பான பழமோ நறுக்கிவிட்டுச் சிறிது நேரம் துடைக்காமல் விடுங்கள். சாம்பல் நீலத்தில் கறை படியும். அது கெடுதல் அல்ல, துரு சீக்கிரம் ஏறாமல் ஓரளவு காக்கும். செம்பழுப்பில் சொரசொரப்பாக வருவதுதான் துரு, அதை உடனே தேய்த்து எடுக்க வேண்டும். கழுவித் துடைத்துக் காயவைத்து, சமையல் எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், வாரக்கணக்கில் எடுத்து வைக்கும்போது கத்தியை உறைக்கு வெளியே, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.